விளையாட்டும் கல்வியே: நாடக ஆசிரியை டொரதி ஹீத்கோட் காட்டிய வழி



"பிள்ளை படிக்கிறதா, விளையாடுகிறதா?" என்ற வினா எமது சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகிறது. வினாவுக்குள்ளேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. படிக்கும் பிள்ளை நல்ல பிள்ளை; விளையாடும் பிள்ளை பொழுதை வீணாக்கும் பிள்ளை. தாயகத்தில் ஆசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில் நானும் இவ்வினாவைப் பன்முறை கேட்டவன். சில வேளைகளிற் கையில் பிரம்புடன் கேட்டவன். இன்று இங்கிலாந்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் கற்பிக்கும் தொண்டாசிரியனாக நிற்கும்போது, அவ்வினாவே பிழையானது என்று எண்ணுகிறேன். அவ்வெண்ணம் எனக்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அதற்குக் காரணமாயமைந்த ஓர் ஆங்கிலேய நாடக ஆசிரியையின் வாழ்வையும் பணியையும் இவ்வாண்டு விழா மலரில் எழுத விழைகிறேன்.

காத்திருந்த தறிகள்

டொரதி ஹீத்கோட் 1926 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வட பகுதியில், யோர்க்ஷயரிலுள்ள ஸ்டீட்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தமது 14 ஆவது வயதிற் பாடசாலையை விட்டு நெசவாலைக்கு வேலைக்குச் சென்றார். தறிகளைக் கவனிப்பது அவருடைய தொழில். ஆயினும் நாடகத்தின்மீது அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. 19 ஆவது வயதில் பிரட்போர்ட் நகரிலிருந்த நாடகப் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்த வசதியில்லை. அவர் வேலை செய்த ஆலையின் முதலாளியே அக்கட்டணத்தை ஏற்றுக்கொண்டார். போன இடம் சரிவராவிட்டால் திரும்பி வரலாம், தறிகள் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

டொரதி தறிக்குத் திரும்பவில்லை. புகழ்பெற்ற நடிகையாகவும் ஆகவில்லை. 24 ஆவது வயதில் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில், ஆசிரியர்களுக்கு நாடகம் பயிற்றுவிக்கும் பணி அவருக்குக் கிட்டியது. அப்போது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. ஆசிரியர் தராதரப் பத்திரமும் இல்லை. பின்னர் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 1986 வரை பணியாற்றினார். பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அவரிடம் வந்து கற்றுச் சென்றனர். 1971 இல் பிபிசி தொலைக்காட்சி அவருடைய பணி பற்றி ஒரு படம் தயாரித்தது. "காத்திருக்கும் மூன்று தறிகள்" என்பதே அப்படத்தின் பெயரின் பொருள். 2011 ஒக்டோபர் 8 ஆம் நாள், தமது 85 ஆவது வயதில் அவர் காலமானார்.

இதை வாசிக்கும் பெற்றோருட் பலர் தமது சான்றிதழ்களைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு இந்நாட்டுக்கு வந்தவர்கள். அவை இங்கே செல்லுபடியாகாது என்று கேட்டுத் தலைகுனிந்து திரும்பியவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். சான்றிதழ் இல்லாத ஒரு நெசவுத் தொழிலாளியின் ஆற்றலை அடையாளங்கண்டு, அவரிடம் ஆசிரியர்களையே ஒப்படைத்தவர்களும் இந்நாட்டில் இருந்தார்கள் என்பதை அறிந்தபோது என் மனம் சற்று ஆறியது.

நிபுணரின் மேலங்கி

விளையாட்டின் மூலம் கற்பிக்கலாம் என்பது ஹீத்கோட் புதிதாகக் கண்டுபிடித்த கருத்தன்று. கேம்பிரிட்ஜ் நகரிலே ஆசிரியராயிருந்த கால்டுவெல் குக், விளையாட்டு வழிக் கல்வி பற்றி 1917 இலேயே ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளின் விளையாட்டு தன்னளவிலே ஒரு நாடகக் கலை என்று பீற்றர் ஸ்லேட் 1954 இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். ஹீத்கோட் இவற்றிலிருந்து ஒரு படி மேலே சென்றார். நாடகத்தைக் கற்பிப்பதைக் காட்டிலும், நாடகத்தைக் கொண்டு மற்றெல்லாவற்றையும் கற்பிப்பதே அவருடைய நோக்கமாயிற்று. பார்வையாளர் இல்லை, மேடை இல்லை, மனப்பாடம் செய்த வசனம் இல்லை. வகுப்பறையே களம்.

அவருடைய முறையில் இரண்டு கருவிகள் முதன்மையானவை. ஒன்று, ஆசிரியரே ஒரு பாத்திரத்தை ஏற்று விளையாட்டினுள் நுழைவது. வெளியே நின்று கட்டளையிடும் ஆசிரியர், உள்ளே வந்து உதவி கேட்கும் மனிதராகி விடுகிறார். மற்றொன்றை "நிபுணரின் மேலங்கி" என்று தமிழில் சொல்லலாம். பிள்ளைகள் ஒரு துறையின் வல்லுநராக ஆக்கப்படுகிறார்கள். அவர்களை நாடி ஒருவர் ஒரு வேலையுடன் வருகிறார். அவ்வேலையைச் செய்து முடிக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது. செய்து முடிப்பதற்குத் தேவையான அறிவை அவர்கள் தேடிக்கொள்ள வேண்டியவர்களாகிறார்கள்.

இதை முதன்முதலில் நான் நூலிற் படிக்கவில்லை, கண்ணாற் கண்டேன். 2014 இல் நான் ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய உணவு வேளையிற் பிள்ளைகளைக் கவனிக்கும் உதவியாளனாக வேலை செய்தேன். ஒரு நாள் மணி அடித்த பின்னரும் ஒரு வகுப்பிலிருந்து பிள்ளைகள் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு பெரிய வரைபடத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் மலையில் வழிதவறியோரை மீட்கும் குழுவினர். அவர்களுடைய ஆசிரியை தொலைபேசியைக் காதில் வைத்தபடி, காணாமற்போன ஒருவரின் மனைவியாகக் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை போர்வைகள் வேண்டும், இருள்வதற்கு எத்தனை மணி நேரம் உண்டு என்று பிள்ளைகள் கணக்கிட்டார்கள். அது கணித பாடம்! "சாப்பிட வாருங்கள்" என்றேன். "ஒரு மனிதர் அங்கே குளிரிற் கிடக்கிறார்" என்று ஒரு சிறுமி எனக்குக் கண்டிப்பாகச் சொன்னாள். அந்த ஆசிரியைதான் ஹீத்கோட்டின் பெயரை எனக்குச் சொன்னார். அவரைப் பற்றிய படத்தைப் பார்க்கவும் வழி செய்தார்.

நான் நிறுத்திய விளையாட்டு

அப்படத்தில் ஒரு பகுதி என்னை உறங்கவிடவில்லை. ஒழுங்கு தவறியதால் விசேட பாடசாலையில் விடப்பட்ட சிறுவர்களிடம், எதைப் பற்றி நாடகம் செய்யலாம் என்று ஹீத்கோட் கேட்கிறார். அவர்கள் போர்க்கைதிகளின் முகாமைத் தெரிவு செய்கிறார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. வேறு நல்ல கதை சொல்லுங்கள் என்று கேட்கவுமில்லை. தாமே எதிரிப் படையின் அதிகாரியாகி அவர்கள் நடுவே வந்து நிற்கிறார். சிறுவர்களின் முகங்கள் மாறுகின்றன. விளையாட்டு சிந்தனையாகிறது.

அதைக் கண்டபோது எனக்கு 2008 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. வன்னியில் நாங்கள் இடம்பெயர்ந்து, தறப்பாள் கட்டிய கொட்டிலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இடைவேளையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு வாங்குகளைச் சேர்த்து உழவு இயந்திரம் ஆக்கியிருந்தார்கள். ஒருவன் சாரதி. மற்றவர்கள் சிரட்டைகளைச் சட்டி பானையென ஏற்றினார்கள். ஒரு சிறுமி மட்டும் ஏற மறுத்து நின்றாள். "கோழியைப் பிடிக்காமல் நான் வரமாட்டன்" என்றாள். இடம்பெயர்வு விளையாட்டு! நான்கு முறை வீடு விட்டு வந்திருந்த எனக்கு அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. "இதுவும் ஒரு விளையாட்டோ?" என்று அதட்டினேன். வாங்குகளை இருந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். சொல்வதெழுதுதல் நடத்தினேன். பிள்ளைகள் சத்தமின்றி எழுதினார்கள். ஒழுக்கத்தை நிலைநாட்டிவிட்டதாக அன்று எண்ணினேன்.

அந்தச் சிறுமியை 2009 இன் பின் நான் காணவில்லை.

ஹீத்கோட் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவராக அந்த உழவு இயந்திரத்தின் அருகே வந்து, "பிள்ளைகள், எனக்கும் ஓர் இடம் தருவீர்களோ? எந்தப் பொருளை இறக்கிவிட்டு என்னை ஏற்றுவீர்கள்?" என்று கேட்டிருப்பார். பிள்ளைகள் தமக்குள் விவாதித்திருப்பார்கள். கோழிக்கும் கிழவருக்கும் இடம் தேடியிருப்பார்கள். தமக்கு நேர்ந்ததைத் தாமே கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்குப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொண்ட வழி அது. ஆசிரியனாகிய நான் அவ்வழியை அடைத்தேன்.

யாழ்ப்பாணத்திலே இத்துறைக்கு உழைத்தவர் எமக்கும் இருந்தார். பாடசாலை ஆசிரியராயிருந்து, 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, பாடசாலை நாடகத்துக்கும் சிறுவர் அரங்குக்கும் அருந்தொண்டாற்றிய குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் 2025 இல் மறைந்தார். அவருடைய பெயரை நான் அறிந்திருந்தேன். ஆனால் நாடகம் என்பது பரிசளிப்பு விழாவுக்கு உரியது, வகுப்பறைக்கு உரியதன்று என்பதே அக்காலத்தில் என் எண்ணமாயிருந்தது. அயலார் வீட்டு விளக்கின் ஒளியில் எம் வீட்டுத் திண்ணையைக் கண்டவன் நான்.

எமது வகுப்பில் நிகழ்ந்தவை

முதன்முறை நான் செய்த முயற்சி தோல்வியுற்றது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தலையில் காகிதக் கிரீடம் அணிந்து அரசனாக வகுப்பினுள் நுழைந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பின்னர் ஓடினார்கள், பின்னர் கதிரைகள் சரிந்தன. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து என்னைக் காப்பாற்றினார். தவறு என்னுடையது. வேடிக்கை காட்டினேனே தவிர, பிள்ளைகளுக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. விளையாட்டுக்கும் விதிகள் உண்டு. கிளித்தட்டுக்குக் கோடு வேண்டும். கோடில்லையேல் அது வெறும் ஓட்டம்.

அடுத்த தவணையில் ஆயத்தத்துடன் வந்தேன். பதினொரு பிள்ளைகள் கொண்ட வகுப்பு. அவர்கள் ஒரு நூதனசாலையின் பொறுப்பாளர்கள். ஒரு மூதாட்டி தம்மிடமுள்ள பழம்பொருட்களை அங்கே ஒப்படைக்க விரும்புகிறார். நான் அம்மூதாட்டியின் தம்பி. "என்னுடைய அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, கண் பார்வையும் குறைவு. ஒவ்வொரு பொருளின் அருகிலும் அது என்ன, எதற்குப் பயன்பட்டது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்தால்தான் தருவார்" என்று சொல்லி, ஒரு தகரப் பெட்டியை மேசையில் வைத்தேன். பெற்றோரிடம் இரவல் வாங்கிய பொருட்கள் அதில் இருந்தன. மூக்குப்பேணி, நீத்துப்பெட்டி, சுளகு, அரிசி அளக்கும் கொத்து, துருப்பிடித்த ஒரு திறப்பு.

பெட்டியைத் திறந்தவுடன் வகுப்பு மாறிவிட்டது. "இது என்ன?" என்று என்னைக் கேட்டார்கள். "எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே நூதனசாலைக்காரர்" என்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவை, அப்பாவை, தொலைபேசியில் அம்மம்மாவை, அப்பப்பாவைக் கேட்டார்கள். ஆறு சனிக்கிழமைகள் இது தொடர்ந்தது. "இதனாற் பயன் என்ன?", "இதை எப்படிப் பிடிப்பது?", "இதை யார் செய்தார்கள்?" என்று கேட்கவும் விடைகளை எழுதவும் தேவையான சொற்களை அவர்களே என்னிடம் வந்து கேட்டு வாங்கினார்கள். வேற்றுமை உருபுகளை நான் கரும்பலகையில் எழுதியபோது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், "மூக்குப்பேணியால் குடித்தார்களா, மூக்குப்பேணியில் குடித்தார்களா?" என்று தமக்குள் வாதிட்டார்கள்.

அவ்வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். இரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தான். வாய் திறந்து ஒரு வசனமும் பேசியதில்லை. ஊரிலிருக்கும் அம்மம்மா தொலைபேசியில் வந்தால், "நலம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தாயிடம் கொடுத்துவிடுவான் என்று அவனது தாயார் கண்கலங்கிக் கூறியிருந்தார். அவனுக்குக் கொத்தும் திறப்பும் பொறுப்பாக வந்தன. அன்றிரவு அவன் தாயிடம் தொலைபேசியை வாங்கி, "அம்மம்மா, கொத்து எண்டால் என்ன?" என்று கேட்டானாம். அம்மம்மா அரை மணி நேரம் விளக்கினாராம். அவன் மேலும் மேலும் கேட்டானாம். அடுத்த சனிக்கிழமை அத்தாயார் வகுப்பு வாசலில் நின்று இதை எனக்குச் சொன்னபோது, இருவருக்குமே பேச்சு வரவில்லை.

திறப்பைப் பற்றி அவன் எழுதிய குறிப்பு இது: "இது ஒரு வீட்டின் திரப்பு. வீடு இப்போது இல்லை. திரப்பு இருக்கிறது."

நான் சிவப்பு மையை எடுக்கவில்லை. மூதாட்டியின் தம்பியாகவே நின்று, "தம்பி, 'திரப்பு' என்றால் அக்காவுக்கு விளங்காதே" என்றேன். அவன் சற்று யோசித்தான். தானாகவே ரகரத்தை அழித்து றகரம் ஆக்கினான். அவ்வெழுத்தில் அவன் பின்னர் பிழை விடவில்லை. பத்து முறை எழுத வைத்துத் திருத்துவதற்கும், ஒருவர் வாசிக்கக் காத்திருக்கிறார் என்பதற்காகத் தானே திருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று கண்டேன்.

மற்றப் பொருட்களெல்லாம் இரவல் வாங்கியவை. அந்தத் திறப்பு மட்டும் என்னுடையது.

பெற்றோரின் நியாயமான கேள்வி

"சேர், விளையாடுவதற்கா பிள்ளையை அனுப்புகிறோம்? பரீட்சை வருகிறதே" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. வாரத்தில் ஒரே நாள், சில மணி நேரமே எமக்குக் கிடைக்கிறது. நீங்கள் இரவு வேலை முடித்து, உறக்கத்தைத் துறந்து பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். அந்நேரம் வீணாகக் கூடாது.

இலக்கணம் வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தைக் கற்பிக்கத்தான் வேண்டும். வாய்பாட்டை ஒப்புவிக்கத்தான் வேண்டும். ஹீத்கோட்டின் முறையும் சோம்பேறிகளுக்கு உரியதன்று. ஒரு மணி நேர விளையாட்டுக்குப் பல மணி நேர ஆயத்தம் ஆசிரியருக்கு வேண்டும். ஆனால் மொழி என்பது ஒருவருக்கு ஒன்றைச் சொல்வதற்காக ஏற்பட்டது. சொல்ல ஆளும் இல்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லையெனில் எத்தனை சொற்களை மனனஞ் செய்தும் அவை பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிடும். இந்நாட்டில் எமது பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லாமலே எல்லாக் காரியமும் நடந்துவிடுகிறது. ஆகவே தமிழ் தேவைப்படும் ஓர் உலகத்தை நாமே ஆக்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அவ்வுலகத்தின் பெயர்தான் விளையாட்டு.

இன்றைய விழா மேடையைப் பாருங்கள். சில பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வசனங்களை மனனஞ் செய்து பேசுகிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துக் கூறேன்; கைதட்டுவோம். ஆனால் அவர்கள் மேடையை விட்டு இறங்கி வந்ததும், "நீ யாராக நடித்தாய்? அவர் ஏன் அப்படிச் செய்தார்? நீயாயின் என்ன செய்திருப்பாய்?" என்று தமிழிற் கேளுங்கள். அவர்கள் தேடித் தடுமாறிச் சொல்லும் அந்த இரண்டு வசனங்களில்தான் கல்வி தொடங்குகிறது.

வீட்டிற் செய்யக்கூடியவை

1. பிள்ளைக்குத் தெரியாததை மட்டும் கேட்டுச் சோதிக்காதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றை உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். காற்பந்தாட்ட விதிகளை அப்பப்பாவுக்குத் தமிழில் விளக்கும் பிள்ளை அன்று ஆசிரியராகிறது.

2. சமையலறையில் பிள்ளையைத் தலைமைச் சமையற்காரர் ஆக்கி, நீங்கள் உதவியாளராகுங்கள். தமிழிற் கட்டளை வந்தால் மட்டும் வேலை செய்யுங்கள்.

3. பிள்ளை பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். உறவினர் முன் ஒருமுறை சிரித்தால் ஓராண்டு மௌனம் விளையும்.

4. பிள்ளைகள் துயரமான ஒன்றை விளையாடினால் உடனே தடுக்காதீர்கள். அருகில் இருந்து கவனியுங்கள். இடம் தந்தால் நீங்களும் ஒரு பாத்திரமாக உள்ளே செல்லுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு பயிற்சி

உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த ஒரு பொருள் கட்டாயம் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். நீங்கள் நூதனசாலைப் பொறுப்பாளர். பின்வரும் வினாக்களுக்கு வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் தமிழிற் கேட்டு விடை எழுதுங்கள்.

அ. இப்பொருளின் பெயர் என்ன?
ஆ. இது எதற்குப் பயன்பட்டது? யார் பயன்படுத்தினார்கள்?
இ. எத்தனையோ பொருட்களை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் கொண்டு வந்தார்கள்?

மூன்றாவது வினாவைக் கேட்கும்போது பொறுமையாக இருங்கள். விடை வரச் சற்று நேரம் எடுக்கலாம். எழுதியதைப் புதிய தவணையின் முதற் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தகரப் பெட்டி மேசையில் திறந்திருக்கும்.